முட்டுப் பிரித்த காலை

முட்டுக்கம்பின் அடியில் செருகியிருந்த மர ஆப்பைப் பரமசிவம் மேஸ்திரி சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினார். இரண்டு தட்டில் ஆப்பு தெறித்தது, கம்பு தளர்ந்து மேஸ்திரியின் தோளில் சாய்ந்தது, அவர் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டுபோய் மதில் ஓரமாகப் போட்டார். ஒன்று, என்று கிருபா எண்ணினாள். இருபத்துநாலில் ஒன்று. நாலு வரிசை, வரிசைக்கு ஆறு. தலைக்குமேல் எட்டடி நீளத்துக்கு வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த போர்டிகோ கூரை ஒரு சத்தமும் போடவில்லை. போடாது, ஒரு கம்புக்கு எப்படிப் போடும், இன்னும் இருபத்துமூன்று கம்பு தாங்கிக்கொண்டிருக்கிறது. கான்கிரீட் ஊற்றி இன்றோடு இருபத்தெட்டு நாள். நாள் சரி. சிமென்டு சரி, ஊற்றிய கலவையிலேயே மாதிரிக் கட்டியாகக் கியூப் எடுத்துக் கல்லூரி லேபில் உடைத்துப் பார்த்தாயிற்று, கேட்டதைவிடக் கூடவே தாங்கியது. கணக்கும் சரி, சுவரோடு சேருமிடத்தில் ஒன்பது அங்குலக் கனம், வெளி விளிம்பில் ஐந்து, கம்பி பன்னிரண்டு எம்மெம், நாலு அங்குலத்துக்கு ஒன்று. தானே போட்டது போதாதென்று தன் பழைய பேராசிரியருக்கும் அனுப்பினாள், அவர் ஒரு இடத்தில்கூடச் சிவப்பு மை படாமல் திருப்பி அனுப்பியிருந்தார். கணக்கைப் பற்றி அவளுக்குப் பயமே இல்லை. ஆனால் காலையில் இட்லி இறங்கவில்லை. ஒன்றரை இட்லியோடு கை கழுவிவிட்டு, பெருமாள்புரத்துக்கு வருகிற வழியில் லெவல் கிராசிங்கில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தபோது, ரயில் மெதுவாகப் போகட்டும், இன்னும் நாலு பெட்டி கூட இருக்கட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்கே தெரிந்தது.

சாலைக்கு எதிர்ப்புறம் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வீட்டுக்காரர் தவசிக்கனி உட்கார்ந்திருந்தார். அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருஷம் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்திருக்கும்போதும் இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி தொடைமேல் விரிந்திருக்கும். இந்தப் போர்டிகோவுக்கு அவள் முதலில் வரைந்த பிளானில் இரண்டு தூண் இருந்தது. அவர் பிளானை மேசைமேல் விரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த இரண்டு கறுப்புச் சதுரத்தின் மேலும் விரலை வைத்தார். "இது ரெண்டும் வேண்டாம்மா." அண்ணாச்சி, தூண் இல்லாட்டா கூரை எதுல நிக்கும் என்று அவள் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. "முப்பத்தோரு வருசம் பஸ் ஸ்டாண்டுத் தூணுல இடிக்காம வண்டியத் திருப்பியிருக்கேன். எங்க போனாலும் ஒரு தூணு நிக்கும், நாம அதச் சுத்தணும். என் வீட்டுல நான் ஸ்டியரிங்க ஒரே ஒடி ஒடிச்சு உள்ள வரணும், கேட்டியளா. உங்களால முடியாதுன்னா சொல்லிருங்க, வேற ஆளப் பாத்துக்கிடுதேன்." அந்தக் கடைசி வாக்கியம்தான். கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனியில் ஒன்பது வருஷம் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, ஊருக்கு வந்து சொந்தமாக எடுத்த முதல் வீடு இது. ஒரு பொம்பளை காண்ட்ராக்ட் எடுக்கிறாளா என்று பக்கத்து மனைக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முடியாததும் இல்லை, முடியும். தூண் இல்லாமல் சுவரிலிருந்து நீட்டிக் கட்டலாம், ஆயிரம் பேர் கட்டுகிறார்கள். கம்பி மட்டும் மேலே இருக்க வேண்டும்.

கம்பி மேலே இருக்க வேண்டும். அதை அவள் தவசிக்கனிக்கு எப்படிச் சொன்னாள் என்பது ஞாபகம் வந்தது. கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வைத்துக்கொண்டு, என் கை நுனியில ஒரு வாளியைத் தொங்கவிட்டா எங்க இழுக்கும் சொல்லுங்க என்றாள். அவர் அவளுடைய தோள்பட்டையின் மேல்பக்கத்தைக் காட்டினார். அவ்வளவுதான் அண்ணாச்சி, மேல்பக்கம் இழுபடும், அங்கதான் கம்பி வேணும். மற்றக் கூரையெல்லாம் வயிற்றில் கம்பி வைத்திருக்கும், இது முதுகில் வைத்திருக்கும். முதுகில் ஒரு அங்குலம் கான்கிரீட், அதற்குக் கீழே கம்பி. ஊற்றும்போது ஆள் ஏறி மிதித்தால் கம்பி கீழே இறங்கிவிடும் என்பதால், அதைத் தாங்கக் கம்பியிலேயே வளைத்த குட்டி முக்காலிகளை அவளே உட்கார்ந்து அடிக்கு ஒன்று வைத்துக் கட்டினாள். நடப்பதற்குப் பலகை போட்டாள். பலகையை விட்டு இறங்கினவன் வீட்டுக்குப் போகலாம் என்று கான்கிரீட் போட வந்த ஆட்களிடம் சத்தம் போட்டாள். காலை ஏழு மணியிலிருந்து பத்தரை வரை மேலேயே நின்றாள். தொப்பியைத் தாண்டி வெயில் கழுத்தைச் சுட்டது. பத்தரையிலிருந்து பத்து ஐம்பது வரை நிற்கவில்லை. இரண்டாவது கம்பு சாய்ந்தது, மூன்றாவது. மேஸ்திரி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தட்டினார். பத்தரையிலிருந்து பத்து ஐம்பது. இருபத்தெட்டு நாளாக அந்த இருபது நிமிஷம்தான் அவளோடு குளித்தது, சாப்பிட்டது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தது.

ஒரு ஆண் என்றால் சுவரோரம் போயிருப்பான், இரண்டு நிமிஷத்தில் திரும்பியிருப்பான். மேஸ்திரி போவார், கம்பி கட்டுகிறவர்கள் போவார்கள், ஏன், தவசிக்கனி அண்ணாச்சியே வேலியோரம் திரும்பி நிற்பதை அவள் பார்க்காததுபோல் பார்த்திருக்கிறாள். சித்தாள் வேலைக்கு வருகிற பெண்கள் விடியுமுன்னே எல்லாம் முடித்துவிட்டு வந்து, சாயங்காலம்வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அவளும் கோயம்புத்தூரில் அப்படித்தான் இருந்து பார்த்தாள், சிறுநீரகத்தில் கல் வந்து ஒரு வாரம் படுத்தாள். அதனால் இங்கே இரண்டு வீடு தள்ளியிருந்த ரோஸ்லின் டீச்சர் வீட்டில் கேட்டுவைத்திருந்தாள். டீச்சர் தங்கமானவர். எப்ப வேணாலும் வாம்மா, கேட்டைத் தள்ளிக்கிட்டு வா என்பார். அன்றைக்கு எட்டரைக்கே முட்டிக்கொண்டு வந்தது. ஒன்பதுக்கு அடக்கினாள். பத்துக்குக் காலை மாற்றி மாற்றி நின்றாள். பத்தரைக்கு முடியவில்லை. மேலே நின்ற ஆட்களின் தலைவனிடம், இதோ வந்துட்டேன், பலகையை எடுக்காதீங்க, கம்பிய மிதிக்காதீங்க என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள். வெளியே வரும்போது டீச்சர் காபியோடு நின்றார். ஆற்றிக்கொடுத்த காபி, நுரை மேலே. வேண்டாம் டீச்சர், கான்கிரீட் ஓடிக்கிட்டு இருக்கு. "அதுக்கென்ன, ரெண்டு மடக்குல குடிச்சுட்டுப் போ, மூஞ்சியப் பாரு, வாடிப்போயிருக்கு." தினம் இரண்டு தடவை ஒருத்தர் வீட்டுக் கக்கூசுக்குப் போய்விட்டு அவர் நீட்டுகிற காபியை எப்படி மறுப்பது? காபி சூடாக இருந்தது. டீச்சர் தன் மகனுக்குத் தூத்துக்குடியில் பெண் பார்த்திருப்பதைச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அந்தக் காபி நன்றாகவும் இருந்தது, அதுதான் இப்போதும் உறுத்தியது, அவள் அவசர அவசரமாகக் குடிக்கவில்லை, கடைசி மடக்கில் கொஞ்சம் நின்று சர்க்கரையை நக்கினாள்.

திரும்பி ஏறியபோது பலகை மறுபக்கம் கிடந்தது. வடக்கு ஓரத்தில், அவள் போகும்போது வெறும் கம்பியாகக் கிடந்த இடத்தில், ஐந்தடி அகலத்துக்குக் கான்கிரீட் போட்டு மட்டப்பலகையால் இழுத்து வழவழவென்று முடித்திருந்தார்கள். அழகாக இருந்தது. மிதிச்சீங்களா என்றாள். "இல்ல மேடம்" என்றான் தலைவன். அவள் கேட்டு முடிக்குமுன்பே சொன்னான். அவன் முழங்கால்வரை கலவை அப்பியிருந்தது. எல்லோருக்கும்தான் அப்பியிருந்தது, கான்கிரீட் போடுகிறவனுக்கு வேறென்ன அப்பியிருக்கும். அவள் நம்பினாள். நம்பாவிட்டால் அந்த ஐந்தடியை அப்போதே அள்ளிப்போடச் சொல்ல வேண்டும், கலவை வண்டி வேறு தெருமுனையில் உருளை சுற்றச்சுற்ற நின்றது, தவசிக்கனி எல்லோருக்கும் வடை வாங்கிவந்து பங்கிட்டுக்கொண்டிருந்தார், இஞ்சினியரம்மாவுக்கு ரெண்டு எடுத்து வை என்று யாரிடமோ சொன்னார். நம்புவது சுலபமாக இருந்தது. கையில் வடையோடு நின்று மீதியை மேற்பார்வை பார்த்தாள், அதற்குப்பிறகு சாயங்காலம்வரை ஒரு நிமிஷம்கூட அங்கிருந்து நகரவில்லை.

ஆறாவது கம்பு. விளிம்பிலிருந்த முதல் வரிசை முடிந்தது. விளிம்பில் கட்டியிருந்த நூலுக்குப் பக்கத்தில் போய் அவள் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. இறங்கும், கணக்கில் அதைவிடக் கூடவே எழுதியிருக்கிறாள். மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "கல்லு மாதிரி நிக்கி மேடம்" என்றார். கல் மாதிரித்தான் நிற்கும். கோயம்புத்தூரில் ஒரு ஜன்னல் மழைமறைப்பும் பதினோரு மாதம் கல் மாதிரித்தான் நின்றது. இரண்டாவது மாடி, மூன்றடி நீட்டல். ஒரு பெயின்டர் அதன்மேல் ஏறி நின்று மேல்சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது அடியோடு மடங்கியது. மடங்கியது என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு கதவு கீழ்நோக்கித் திறப்பதுபோல. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது சுவரில் உடைந்த வாய் தெரிந்தது, கம்பி எல்லாம் கீழ் உதட்டில் இருந்தது, மேல் உதட்டில் ஒன்றுமில்லை. பெயின்டருக்கு இடுப்பெலும்பு போயிற்று. சாயங்காலம் சீஃப் இஞ்சினியர் அவளைக் கூப்பிட்டு, வேலையாள் பாதுகாப்பு பெல்ட் போடாததால் ஏற்பட்ட விபத்து என்று ஒரு பக்க அறிக்கை தட்டச்சு செய்யச் சொன்னார். பெல்ட் போடவில்லை என்பது உண்மைதான். அவள் தட்டச்சு செய்தாள். தளப் பொறியாளர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டாள். அந்தப் பெயின்டர் பெயர் சென்றாயன். ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனபோது அவன், நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க, என் நேரம் என்றான். அவன் திட்டியிருக்கலாம் என்று அவள் வெகுநாள் நினைத்தாள். அந்த மழைமறைப்பு ஊற்றிய அன்றைக்கு அவள் எங்கே இருந்தாள் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. இது அப்படியில்லை, இது நிமிஷக்கணக்காக நினைவிருந்தது.

ஏழு, எட்டு, ஒன்பது. எதிரே தவசிக்கனி போனில் வீடியோ எடுத்தார், மஸ்கட்டில் இருக்கிற மகளுக்கு அனுப்புவதற்காக இருக்கும். மகள் வைகாசியில் பத்து நாள் லீவில் வருகிறாள், அதற்குள் பால்காய்ப்பு வைக்க வேண்டும், டிக்கெட் போட்டாயிற்று, பத்திரிகைகூட அடித்தாயிற்று என்று முந்தாநாள்தான் சொன்னார். பேரப்பிள்ளைகள் இரண்டு. போர்டிகோ மொட்டைமாடிக்கு ஒரு சின்னக் கதவுக்கு இடம் விட்டிருக்கிறது, அவர்தான் கேட்டார், பிள்ளைகள் நின்று தெருவைப் பார்க்கட்டும் என்று. பத்து. மிதித்திருந்தால் கம்பி எவ்வளவு இறங்கியிருக்கும்? ஒரு அங்குலம் என்றால் பரவாயில்லை, தாங்கும், கணக்கில் இடம் விட்டிருக்கிறது. இரண்டு என்றால்? பாதி நேரம் தாங்கும், பாதி நேரம் தாங்காது என்று கணக்கு இல்லை, ஒரு தீபாவளிக்கு நாலு பேர் ஏறி வெடி வெடிக்கும்போதுதான் தெரியும். அல்லது மிதிக்கவேயில்லை, அவன் சொன்னது நிஜம், அவள் ஒரு காபிக்காக இருபத்தெட்டு நாள் தன்னையே தின்றுகொண்டிருக்கிறாள். பார்த்துவிடலாம், மேலே சுவரோரத்தில் நாலு இடத்தில் உளி வைத்துக் கொத்தினால் கம்பி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும், அரைமணி நேர வேலை. இது முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரியும். ஏன் கொத்தவில்லை என்றால், ஏன் கொத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். பதினொன்று. பன்னிரண்டாவது கம்பை இறக்கி வைத்துவிட்டு, மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவள் முகத்தைப் பார்த்தார். "என்னத்துக்கு மேடம் இப்படி வெளிறிப்போயி நிக்கிய? நான் முப்பது வருசமா முட்டுப் பிரிக்கேன். அன்னைக்கு நான் கீழதான கெடந்தேன், பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ஒரு நிமிசம் அங்க இங்க அசையாம கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுல்லா மேல நின்னிய. எத்தன ஆம்பள இஞ்சினியர் அப்படி நிப்பான்? ஒண்ணும் ஆவாது." சொல்லிவிட்டு மூன்றாவது வரிசையின் முதல் ஆப்பில் சுத்தியலை வைத்தார்.

"பரமசிவண்ணே, நிறுத்துங்க" என்றாள் கிருபா.

குரல் சாதாரணமாகத்தான் வந்தது, டீ சொல்லுவதுபோல. மேஸ்திரி சுத்தியலை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பினார். உளி ஒண்ணு குடுங்க, அந்தச் சின்னச் சுத்தியலும் என்று வாங்கிக்கொண்டு, ஏணியில் ஏறி, மாடிக்கதவு வைக்கப்போகிற இடைவெளி வழியாக அவள் கூரைமேல் இறங்கினாள். கான்கிரீட் இறுகுவதற்குக் கட்டிவைத்த தண்ணீரெல்லாம் வற்றி, வெள்ளைத் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. முதலில் தெற்கு ஓரத்தில், தான் நின்று பார்த்த பகுதியில் கொத்தினாள். அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் அவள் மறுக்கமாட்டாள். கான்கிரீட் இரும்பாக இருந்தது, உளி வழுக்கி ஒருமுறை கட்டைவிரலில் அடித்தது, பத்து நிமிஷத்தில் கம்பி தெரிந்தது. ஸ்கேலை வைத்தாள். ஒரு அங்குலம், அதற்குமேல் ஒரு நூல் அளவு. இரண்டடி தள்ளி இன்னொன்று. அதுவும் சரி. எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு வடக்கு ஓரத்துக்குப் போனாள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி உளியை வைத்தாள். ஒரு அங்குலம் போனது, கம்பி இல்லை. பக்கத்தில் விட்டிருப்போம், நாலு அங்குலத்துக்கு ஒன்றுதானே என்று குழியை அகலப்படுத்தினாள். ஒன்றரை. சில்லுகளைக் கையால் வழித்துப்போட்டாள். இரண்டு. இனி வந்தாலும் சரியான இடமில்லை, ஆனாலும் கம்பியில் உளி பட்டால் கிண்ணென்று ஒரு சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் வரட்டும் வரட்டும் என்று கொத்தினாள். மூன்றேகால் அங்குலத்தில் கிண்ணென்றது. குழிக்குள் விரலை விட்டபோது கம்பி குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்தில் சப்பையாக நசுங்கிய முக்காலியின் ஒரு காலும் விரலில் தட்டுப்பட்டது. அவள் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பசித்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அண்ணாச்சி" என்று சுவரோரம் நின்று கூப்பிட்டாள். "கொஞ்சம் மேல வாங்க."

தவசிக்கனி ஏணிப்படி ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து ஏறி வந்தார். கொத்திப்போட்ட குழிகளைப் பார்த்ததும், "என்னம்மா இது, புதுக் கூரையில" என்றார். அவள் முதல் குழியில் ஸ்கேலை வைத்துக் காட்டினாள், இப்படி இருக்கணும். அப்புறம் வடக்குக் குழியில் வைத்தாள், இப்படி இருக்கு. அவர் குனிந்து பார்த்தார். பிறகு தன்னுடைய கையை நீட்டி, தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "மிதிச்சிட்டானுவளா?" ஆமா அண்ணாச்சி. "நீங்க பாக்கலையா?" நான் அப்ப மேல இல்ல. இருபது நிமிஷம் இல்ல. டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். இங்க பொம்பளைக்குப் போறதுக்கு இடமில்ல. போயிட்டு உடனே வந்திருந்தா பத்து நிமிஷம், காபி குடுத்தாங்க, குடிச்சேன். வந்து பாத்தப்ப சந்தேகம் இருந்துச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. இவ்வளவையும் அவள் ஒரே மூச்சில், பொருள் பட்டியல் வாசிப்பதுபோல வாசித்தாள். அவர் முகம் இறுகியது. "இன்னைக்கும் நீங்க சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?" தெரியாது. "பிரிச்சிருந்தா விழுந்திருக்குமா?" இன்னைக்கு விழுந்திருக்காது. "என்னைக்கு?" சொல்ல முடியாது அண்ணாச்சி. அவர் சட்டென்று குரலை உயர்த்தினார். "நான் உங்கள நம்பியில்லா விட்டேன். ஊர்ல எல்லாரும் ஒரு மாதிரிச் சொல்லும்போதும் நான்தான, அந்தப் பிள்ள கெட்டிக்காரின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்." அவள் குழியிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். அவர் விளிம்புவரை நடந்துபோய், கீழே முட்டு இல்லாத இடம் என்று நினைவு வந்ததுபோலப் பின்வாங்கினார்.

இரண்டு வழி இருக்கு என்றாள் அவள் பிறகு. பழைய பிளான்படி ரெண்டு தூணக் குடுத்துரலாம், கூரை அப்படியே இருக்கும், பால்காய்ப்புத் தேதி மாறாது. இல்லாட்டா இந்த வடக்குப் பக்கத்த உடைச்சு எடுத்துட்டுத் திரும்ப ஊத்தணும், அது என் பொறுப்பு, ஆனா நாப்பது நாள் ஆகும். தவசிக்கனி நாற்காலி இருக்கிறதா என்று தேடுவதுபோலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவருக்கு விட்டிருந்த செங்கல் வரிசைமேல் உட்கார்ந்தார். கீழே மேஸ்திரி, பிரிக்கட்டுமா வேண்டாமா என்று கத்தினார். தவசிக்கனிதான் பதில் சொன்னார். "பிரிச்ச கம்ப எல்லாம் திரும்ப முட்டுக் குடும்வே. எல்லாத்தையும்." பிறகு அவளிடம் திரும்பாமலே, "தூணு வேண்டாம்" என்றார். "உடைச்சு ஊத்துங்க. ஊத்துற அன்னைக்கு நானும் மேல நிப்பேன்." நில்லுங்க அண்ணாச்சி என்றாள். அவர் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். மஸ்கட்டில் இன்னும் விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். "மக்கா, டிக்கெட்ட மாத்த முடியுமான்னு பாரு. ஆமா. கம்பி எறங்கிப்போயிருக்கு. இல்ல இல்ல, விழல. இஞ்சினியரம்மா கொத்திப் பாத்துச் சொன்னாவ." அவ்வளவுதான் சொன்னார். இருபது நிமிஷத்தைச் சொல்லவில்லை, டீச்சர் வீட்டைச் சொல்லவில்லை. கிருபாவை விட்டுக்கொடுக்காமல் சொன்னாரா, அல்லது அவருக்கு எப்போதுமே போனில் நாலு வார்த்தைக்குமேல் வராதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுமுனையில் மகள் நெடுநேரம் பேசினாள். அவர் இரண்டுமுறை ம், ம் என்றார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினார். "அவளுக்கு உங்ககிட்டதான் கேக்கணுமாம்."

கிருபா சிமென்டுப் பொடி ஒட்டிய கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுகிற சத்தம், பாத்திரச் சத்தம், பிறகு, சொல்லுங்க, என்னதான் நடந்தது என்று ஒரு தூக்கக் குரல். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு, ஊத்துன அன்னைக்குக் காலைல பத்தரைக்கு நான் கீழ இறங்கிட்டேன், என்று ஆரம்பித்தாள்.